சொல்லி எழுதுவித்த பத்திரிகாசிரியை

நம் சங்கத்துக்கு வரும் தாய்மார்களிடம், "இந்த இதழுக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள்" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "பேசத் தெரியும், எழுத வராது." சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளிலும், மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயன்களிலும் இதையே கேட்கிறோம். மலையாளப் பள்ளியில் படித்த பிள்ளைகளோ, பாட்டியிடம் தமிழில் கதை கேட்பார்கள். அதைத் தமிழில் எழுதச் சொன்னால் விழிப்பார்கள். எழுத வராது என்று கூறும் அன்பர்களுக்காகவே வை. மு. கோதைநாயகி அம்மையாரின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

பெண்களுக்கான பத்திரிகை என்றதும் இன்று புதுப்புது உடைகளும் நகைகளும் நிறைந்த வண்ணப் பக்கங்களே நினைவுக்கு வரும். அவற்றின் ஆசிரியைகள் ஐரோப்பிய நாடுகளில் பெரும் புகழ் எய்துகிறார்கள். நம் மொழியில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மாத இதழை நடத்திய இந்த ஆசிரியையோ, பட்டையும் பொன்னையும் துறந்து கதர் உடுத்தியவர்.

அம்மையார் 1901 டிசம்பர் 1-ஆம் நாள் பிறந்தார். ஒரு வயதுக்குள் தாயை இழந்தார். ஐந்து வயது கடந்ததும், 1907-இல், வை. மு. பார்த்தசாரதி என்ற சிறுவருக்கு மணம் செய்விக்கப்பட்டார். பள்ளிக்கூடம் என்பதையே அவர் அறியார். புகுந்த வீட்டில் கேள்வி ஞானம் மட்டும் வளர்ந்தது. கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். இதை நாம் சிறிய செய்தியாக எண்ணவில்லை. பெண்கள் வாசற்படி தாண்டுவதே பேச்சுக்கு இடமாகிய காலம் அது.

திருவல்லிக்கேணியில் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குப் புதிது புதிதாகக் கதை புனைந்து சொல்வது அம்மையாரின் வழக்கம். பார்த்த நாடகங்களின் பயனாக அவர் மனத்திலேயே ஒரு நாடகமும் உருவாயிற்று. அதை எழுதவோ கை பழகவில்லை. அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். அவ்வாறு உருவான 'இந்திர மோகனா' 1924-இல் அச்சேறியது. பிறகு அத்தோழியிடமே அம்மையார் நன்றாக எழுதக் கற்றுக்கொண்டார். வெட்கப்பட்டு வாய்மூடி இருந்திருந்தால் நமக்கு ஒரு நாடகம் மட்டுமா நட்டமாகியிருக்கும்?

நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்னும் இதழை, நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் யோசனைப்படி, 1925-இல் அவர் ஏற்று நடத்தலானார். 'வைதேகி' என்ற நாவலைத் தொடராக வெளியிட்டார். ஒரு குடும்பப்பெண் கதை எழுதுவதா, அதை அச்சிட்டு விற்பதா என்று ஏளனம் செய்தோர் பலர். அதற்கு அவர் அளித்த மறுமொழி அடுத்த மாதத்து இதழே! அவர் எழுதிய நாவல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. தம் கதைகளோடு நிற்காமல், எழுத முன்வந்த வேறு பெண்களுக்கும் தம் இதழில் இடம் அளித்தார்.

காந்தியடிகளைச் சந்தித்த பின்னர்தான் மேற்கூறிய கதர்க் கோலம் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிப் புறக்கணிப்பிலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையிலும் எழுதினார். அந்நாட்களில் பத்திரிகையைக் கணவர் கவனித்துக்கொண்டார். மனைவியின் பெயரால் வரும் பத்திரிகைக்காக உழைத்த அந்தக் கணவரையும் நாம் பாராட்டாமல் இருக்க இயலாது.

இரண்டாம் உலகப்போரின்போது சென்னையை விட்டுச் சிங்கப்பெருமாள்கோயிலுக்குக் குடிபெயர நேர்ந்தது. காகிதத் தட்டுப்பாடும் வாட்டிற்று. அத்தனைக்கும் ஈடுகொடுத்தவரை, 1956-இல் நேர்ந்த ஒரே மகனின் மறைவு தளரச் செய்துவிட்டது. 1960 பிப்ரவரி 20-இல் அம்மையார் காலமானார். 'ஜகன்மோகினி'யும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1966-இல் பத்மினி நடித்து வெளிவந்த 'சித்தி' திரைப்படத்தை நம்மில் மூத்தோர் பலர் கண்ணீர் மல்கப் பார்த்திருப்பார்கள். அக்கதை அம்மையாரின் 'தயாநிதி' என்ற நாவலே.

இனி நம் இதழுக்கு ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதிய கதைகளையும் ஏற்றுக்கொள்வோம். பாட்டி சொல்லப் பேத்தி எழுதலாம். பேத்திக்கும் எழுத வராவிட்டால், அண்டை வீட்டில் தமிழ் எழுத அறிந்தவர் எழுதலாம். எழுத்துப் பிழைகளை நாம் திருத்திக்கொள்கிறோம். சொன்னவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் தவறாமல் குறிப்பிட வேண்டுகிறோம்.