மயிலாடிக்கு மிஷனரியை அழைத்து வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.ஐ. ஆலயம் ஒன்றில் திருவிருந்து ஆராதனை நடக்கும்போது ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். அப்பமும் ரசமும் கொடுக்கப்படுவதற்கு முன்பாக, ஆயர் தன் இரு கைகளுக்குள் அருகில் நிற்பவரின் கையை வாங்கிக்கொள்வார். அவர் அதை அடுத்தவருக்குக் கொடுப்பார். முன்வரிசையில் தொடங்கி பின்வரிசை வரை, ஆள் மாறி ஆளாக, கையோடு கை சேர்ந்து போகும். ‘சமாதானம் கொடுத்தல்’ என்பார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். தொட்டால் தீட்டு என்று சொன்ன நாட்டில், வழிபாட்டின் நடுவில் தொட்டே ஆகவேண்டும் என்று எழுதி வைத்த சடங்கு இது.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபுகளில் வந்த சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றுகூடி தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தன. அடுத்த சில ஆண்டுகளில் உருவான அதன் திருவிருந்து ஒழுங்கில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த இந்தக் கைகொடுக்கும் வழக்கம் சேர்க்கப்பட்டது. பிற்பாடு மேல்நாட்டுச் சபைகள் பலவும் தங்கள் வழிபாட்டைத் திருத்தியபோது இதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டன.

குமரி மாவட்டத்தில் இந்தச் சபையின் வேரைத் தேடிப் போனால், நாகர்கோவிலுக்குக் கிழக்கே பத்து கிலோமீட்டர் அளவில் இருக்கும் மயிலாடியில்தான் போய் நிற்க வேண்டும். இன்று மயிலாடி என்றால் கல்சிற்பம் நினைவுக்கு வரும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே மகாராசன் என்று ஒருவர் இருந்தார். இன்று சாம்பவர் என்று அழைக்கப்படும் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். திருவிதாங்கூர் அரசின் கீழ் அவரது மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பொது வழியில் நடக்க முடியாது. மேல்சாதியார் வந்தால் விலகி நிற்க வேண்டும். ஆள் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான். கோவில் நுழைவு அதற்கும் 81 ஆண்டுகள் கழித்து.

பக்தி மிகுந்த மகாராசன், 1799 வாக்கில் உறவினரோடு சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். நந்தனார் போக ஏங்கிய அதே சிதம்பரம். அங்கே கண்டது அவருக்கு நிறைவைத் தரவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டுக்குச் சென்றவர், அங்கிருந்த தமிழ்ச் சபையின் வழிபாட்டைப் பார்த்தார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

இந்த இடத்தில்தான் நம் பாடநூல் பழக்கம் தடுக்கி விழும். வெள்ளைக்காரர் வந்தார், ஏழைகளை மதம் மாற்றினார் என்று கதை சொல்லியே பழகிவிட்டோம். மயிலாடியில் நடந்தது தலைகீழ். வெளிநாட்டவர் யாரும் வருவதற்கு முன்பே அங்கே ஒரு சிறு கூட்டம் ஜெபிக்கத் தொடங்கிவிட்டது. வழிநடத்தியவர் வேதமாணிக்கம். ஊரில் எதிர்ப்பு கூடியது. கூட்டத்தோடு தஞ்சைப் பக்கமே குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். அதற்கு வழி கேட்கப் போன பயணத்தில்தான், தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியரை வேதமாணிக்கம் சந்தித்து, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைத்தார். லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் வந்திருந்த ரிங்கல்தௌபே, 1806 ஏப்ரல் 25 அன்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார்.

ஆலயம் கட்ட அரசு எளிதில் அனுமதி தரவில்லை. ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மெக்காலேயின் தலையீட்டுக்குப் பிறகுதான் வழி பிறந்தது. 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதே ஆண்டு அங்கே தொடங்கிய பள்ளியைத்தான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கமாகக் கொள்கிறது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஆயிரம் பேருக்குப் பட்டம் கொடுத்த கல்லூரியின் வேர், ஒரு சாம்பவர் குடியிருப்பில் இருக்கிறது.

உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே 1816-ல் புறப்பட்டுப் போனார். கப்பலேறிய அவர் பிறகு என்ன ஆனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த மிஷனரியான மீட் வந்து சேர்ந்தது 1818-ல். இடைப்பட்ட காலத்தில் மயிலாடி, தாமரைக்குளம், ஈத்தாமொழி, பிச்சைக்குடியிருப்பு என்று சிதறிக் கிடந்த சபைகளைக் கட்டிக் காத்தவர் வேதமாணிக்கம். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் பறையர் ஒருவர் பொது வழியில் நிமிர்ந்து நடக்க முடியாத காலத்தில், ஒரு திருச்சபையின் பொறுப்பு முழுவதும் பறையர் ஒருவர் கையில் இருந்தது.

அப்படி என்னதான் அந்த மக்களைப் பிடித்து இழுத்தது? அரிசிக்கும் துணிக்கும் வந்தவர்கள் என்று சொல்வது எளிது. ஆலயம் இல்லாத, பாதுகாப்பு இல்லாத, உதை வாங்கிய நாட்களில் ஜெபித்தவர்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. இந்தச் சபையின் நம்பிக்கையைக் கொஞ்சம் பார்த்தால் விடை கிடைக்கும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற ஒரே கடவுள். இயேசுவின் மரணம், உயிர்த்தெழுதல். வேதாகமமே அடிப்படை. ஞானஸ்நானம், திருவிருந்து என்று இரண்டு திருவருட்சாதனங்கள். இவை எல்லாக் கிறிஸ்தவருக்கும் தெரிந்தவை. இவற்றோடு, மனிதர் எல்லோரும் பாவிகள், மீட்பு கடவுளின் இரக்கத்தால்தான், பிறப்பால் அல்ல என்ற போதனையும் உண்டு. மேல்சாதிக் காதுக்கு இது அவமானமாக ஒலித்திருக்கலாம். போன ஜென்மப் பாவத்தால் இழிபிறப்பு என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு, நிலக்கிழாரும் நானும் கடவுள் முன்னால் ஒரே நிலையில் நிற்கும் பாவிகள் என்பது பெரிய விடுதலைச் செய்தி. சமத்துவத்தைப் பாவத்தில் இருந்து தொடங்கிய தத்துவம் வேறெங்கும் இருக்கிறதா, தெரியவில்லை.

நம்பிக்கை இப்படி இருக்க, நடப்பு வேறாக இருந்த இடங்களும் உண்டு. சீர்திருத்தச் சபையின் தாய்வீடான தரங்கம்பாடியிலேயே ஆலயத்தில் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1733-ல் முதல் இந்தியப் போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோன் வேளாளர். அதே காலத்தில் தஞ்சைச் சீமையில் சபைகளை வளர்த்த ராஜநாயக்கன் என்ற உபதேசியார் பறையர் சமூகத்தவர். திறமையிலும் உழைப்பிலும் குறை இல்லை. ஆனாலும் அவரைப் போதகராக்கவில்லை. அவர் கையால் மேல்சாதியார் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிமார் தயங்கினார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கடிதம் எழுதியபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் மேல்சாதியார் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இயேசுவை விட்டுவிடலாம், பந்தியை விட்டுக்கொடுக்க முடியாது!

கத்தோலிக்கர் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மாவட்ட எல்லையைத் தாண்டினால் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம். அங்கே ஆலயத்தையே இரண்டு கிளையாகக் கட்டி, நடுவில் சுவர் எழுப்பி, வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் முதலிய மற்றவர்கள் மறுபக்கம் என்று வழிபட்டார்கள். 1910-ல் கௌசானல் அடிகளார் சுவரை இடித்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 1982-ல் திருச்சியில் கூடி, சாதி கிறிஸ்தவத்தையே மறுப்பது என்று அறிவித்தார்கள். அறிவித்த பின்னும் தமிழ்நாட்டில் தனிக் கல்லறைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரத்தைப் புரட்டினால் போதும், ஞானஸ்நானத் தண்ணீரில் எது கரையவில்லை என்பது தெரிந்துவிடும்.

குமரியில் பின்னாளில் நாடார் சமூகத்தவர் பெருந்திரளாகச் சபையில் சேர்ந்தார்கள். தோள்சீலைப் போராட்டம் நடத்தி, அடிபட்டு, உரிமை வென்றவர்கள் அவர்கள். அந்த வரலாறு பெருமைக்குரியது. இன்று சபையில் அவர்களே பெரும்பான்மை. வாசலைத் திறந்தவர்களின் பிள்ளைகள் எண்ணிக்கையில் சிறுபான்மையாகிவிட்டார்கள். டீக்கன் தேர்தல், சேகரக் கமிட்டி, பேராய மன்றம் எல்லாம் வாக்கெண்ணிக்கையில் நடப்பவை. விகிதாச்சாரம் கேட்டால் ‘சபைக்குள் சாதி பேசலாமா’ என்று பதில் வருகிறது. வாக்குச் சேகரிக்கும்போது அந்தக் கேள்வி யாருக்கும் எழுவதில்லை.

ஆனால் சபை வாழ்க்கை என்பது கமிட்டி மட்டுமல்ல. அந்த நாட்களில் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைத்த பெண்கள்தான் உபதேசியாருக்குச் சோறு போட்டார்கள். அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சலான பூசணியும் வாழைக்குலையும் ஆலயத்துக்கு வரும், பிறகு ஏலம் போகும். பத்து ரூபாய்த் தேங்காயை நூறு ரூபாய்க்கு எடுப்பதில் ஒரு சந்தோஷம். வீட்டு ஜெபக்கூட்டம், கிறிஸ்துமஸ் பாட்டுப் பவனி, துக்க வீட்டில் இரவெல்லாம் பாட்டு. நெல்லைப் பக்கம் அசனம் என்று ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். மதுரை இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து 2005-ல் மறைந்த ‘பரட்டை’ தியோபிலஸ் அப்பாவு, ‘ஒரு உலை’ என்ற கருத்தை முன்வைத்தது இந்தச் சோற்றை வைத்துத்தான். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்றார். பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்து, கிராமத்துப் பேச்சுத் தமிழில் வழிபாட்டு முறை எழுதினார். ‘சாவு மேளம்’ என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று சுற்றிலும் பல ஆலயங்களில் பறை கேட்கிறது.

சபைக்கு வெளியே நிற்கும் சுவர் வேறு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ தலித்துகளுக்கும் முஸ்லிம் தலித்துகளுக்கும் இன்னும் இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் மத வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. கிடப்பில் போனது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மதம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதனால் அண்ணன் சான்றிதழில் இந்து சாம்பவர், தம்பி சான்றிதழில் கிறிஸ்தவர் பி.சி. என்று ஒரே வீட்டில் இரண்டு விதம். வன்கொடுமை நடந்தால் அண்ணனுக்கு ஒரு சட்டம், தம்பிக்கு வேறு சட்டம். அடித்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. இரண்டாவது பெயரின் கதையை அந்தச் சபைக்கு வெளியே நம் மாவட்டத்தில் எத்தனை ஓய்வுநாள் பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.