சொமாட்டோஸ்டாட்டின்: சுரப்பைத் தடுக்கும் ஹார்மோன்

பிற ஹார்மோன்களின் சுரப்பைத் தடுக்கும் பெப்டைடு ஹார்மோன் சொமாட்டோஸ்டாட்டின். மூளையின் ஹைப்போதலாமஸ், கணையத்தின் டெல்டா செல்கள், இரைப்பை, குடல் ஆகிய இடங்களில் இது உருவாகிறது. இதில் 14 அமினோ அமிலங்கள் உள்ளன. 3-ஆம், 14-ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன்கள் கந்தகப் பிணைப்பால் இணைவதால் சங்கிலி வளையமாகிறது. 28 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட வடிவமும் குடலில் உண்டு.

அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரோஜர் கில்லெமின் குழுவினர், வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளைத் தேடிச் செம்மறியாடுகளின் ஹைப்போதலாமஸ் சாற்றை ஆராய்ந்தனர். பிட்யூட்டரி செல்களில் அதைச் சேர்த்தபோது வளர்ச்சி ஹார்மோனின் சுரப்பு குறைந்தது. அதற்குக் காரணமான பொருளைப் பிரித்து, 1973-இல் அமைப்புடன் வெளியிட்டனர்.

செல்களின் மேற்பரப்பில் இதற்கென ஐந்து வகை ஏற்பிகள் உள்ளன. ஹார்மோன் அவற்றில் பொருந்தியதும் செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி.யின் அளவு குறைகிறது. கால்சியம் நுழைவதும் குறைகிறது. இதனால் செல் தன் சுரப்பை வெளியேற்றுவது மட்டுப்படுகிறது. வளர்ச்சி ஹார்மோன், இன்சுலின், குளுக்ககான், காஸ்ட்ரின் எல்லாம் இவ்வாறு கட்டுக்குள் வருகின்றன. ஆனால் இரத்தத்தில் சொமாட்டோஸ்டாட்டின் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும்.

பல ஹார்மோன்களை ஒருசேர அடக்கும் இத்திறன் ஆய்வாளர்களுக்குப் பெரிதும் உதவியது. இதைச் சிரைவழி தொடர்ந்து செலுத்தினால் இன்சுலினும் குளுக்ககானும் அடங்கும். பிறகு ஒன்றை மட்டும் அளந்து கொடுத்து, அதன் தனி விளைவைக் கணிக்கலாம். இன்சுலின் குறைவான நீரிழிவில் இரத்தச் சர்க்கரை உயர்வதற்குக் குளுக்ககானும் காரணம் என்பது 1970-களில் இம்முறையால் தெளிவாயிற்று.

மரபணுப் பொறியியலிலும் இதற்குத் தனி இடம் உண்டு. 1977-இல் ஹெர்பர்ட் போயர், கெய்ச்சி இட்டாகுரா குழுவினர் இதற்கான மரபணுவை வேதிமுறையில் தொகுத்து, ஈ.கோலை பாக்டீரியாவில் செலுத்தினர். அங்கே ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டியே ஹார்மோன் உருவாயிற்று. மெத்தியோனின் உள்ள இடத்தில் சங்கிலியை வெட்டும் சயனோஜன் புரோமைடால் அதைப் பிரித்தார்கள். சொமாட்டோஸ்டாட்டினில் மெத்தியோனின் இல்லாததால் ஹார்மோன் வெட்டுப்படாமல் கிடைத்தது. மனித ஹார்மோன் ஒன்றைப் பாக்டீரியா தயாரித்தது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு இதே வழியில் மனித இன்சுலின் உருவாயிற்று.

விரைவில் சிதையும் குறையைப் போக்க, எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஆக்ட்ரியோடைடு உருவாக்கப்பட்டது. வளர்ச்சி ஹார்மோன் மிகுவதால் வரும் அக்ரோமெகலிக்கு அது மருந்தாகிறது. நரம்பு நாளமில்லாக் கட்டிகள் பலவற்றில் சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகள் மிகுந்திருக்கும். ஆகவே, இந்த ஹார்மோனை ஒத்த பெப்டைடுகளோடு காலியம்-68 சேர்த்துக் கட்டிகளைப் படமெடுக்கிறார்கள். லுட்டீசியம்-177 சேர்த்து அவற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சையும் அளிக்கிறார்கள்.