சுவிட்சின் திறவுகோல்

ஒரு காரியாலயத்தின் கணினிகளையெல்லாம் இணைக்கும் சுவிட்ச் என்னும் சிறு பெட்டி, மூலை அலமாரியில் பச்சை விளக்குகள் சிமிட்ட மௌனமாய் இருப்பதனாலேயே, அதனுள் பிரவேசிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டென்ற கேள்வியைப் பலரும் எழுப்புவதில்லை. எழுப்பியே ஆகவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்சுகளில் 0 முதல் 15 வரை அதிகாரப் படிகள் உண்டு: 1-ஆம் படியில் நிற்பவர் நிலைமையைப் பார்வையிடலாம், 15-ஆம் படியில் நிற்பவரோ சகலத்தையும் மாற்றலாம். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், தவறு நேர்ந்த தினத்தில் அதைச் செய்தவர் யாரென்று அறிய மார்க்கமில்லை; ஆகையால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். மேலும், தொலைவிலிருந்து சுவிட்சினுள் நுழையும் வழிகளில், கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பிவிடும் டெல்நெட்டை அடைத்து, 1995-இல் பின்லாந்தில் பிறந்த, அதை மறைத்தே அனுப்பும் எஸ்.எஸ்.எச். வழியை மட்டும் திறந்து வைத்து, நிர்வாகியின் கணினி முகவரியிலிருந்து வரும் இணைப்பையே ஏற்குமாறு ஓர் அனுமதிப் பட்டியலும் எழுதிவிடலாம்.