இரவில் மலரும் பூவும் காமிராவும்

மலர்களுள் பெரும்பாலானவை கதிரவனைக் கண்டு இதழ் விரிப்பவை. ஒரு சில மட்டும் இருளையே தமக்குரிய பொழுதாகக் கொண்டுள்ளன. நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று போற்றி வளர்க்கப்படும் செடி அவற்றுள் ஒன்று. உத்தரகண்டின் மாநில மலராகிய இமயமலைப் பிரம்ம கமலம் வேறு. நம் தொட்டிகளில் வளர்வது மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த கள்ளியினம். எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம் என்பது தாவர நூலார் இதற்கு இட்ட பெயர். இலைபோல் தோன்றுவது உண்மையில் தட்டையான தண்டே; அதன் விளிம்பிலிருந்துதான் மொட்டு தோன்றுகிறது. தொங்கிய மொட்டு தலை நிமிர்ந்து பருக்குமாயின், மலரும் இரவு நெருங்கிவிட்டது என்று அறியலாம். அந்தி சாய்ந்தபின் அவிழத் தொடங்கி, நள்ளிரவையொட்டி முழுதும் விரிந்து, விடியும்போது அது தளர்ந்துவிடுகிறது.

ஆகவே, இம்மலரைப் படம் பிடிக்க விரும்புவோருக்குக் கிடைப்பது சில மணி நேரமே. அன்று நேரும் பிழையை மறுநாள் சென்று திருத்த இயலாது. அப்பிழைகள் யாவை, அவை ஏன் நேர்கின்றன என்று முன்னரே அறிந்திருத்தல் நலம்.

முதலாவது ஒளியளவு. காமிராவினுள் இருக்கும் ஒளிமானிக்குப் பூ எது, இருள் எது என்று தெரியாது. காணும் காட்சியைச் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே அது கணக்கிடுகிறது. கரிய பின்னணியில் வெண்மலர் சிறிதாக நின்றால், ஒளி போதவில்லையெனக் கருதி மிகுதியாக உள்ளே விடுகிறது. இதழ்களின் மெல்லிய வரிகள் மறைந்து, வெறும் வெள்ளைத் திட்டே எஞ்சுகிறது. மாறாக, பூவே படம் முழுவதையும் நிரப்பினால், வெண்மை மங்கிச் சாம்பலாகத் தோன்றும். முன்னதற்கு ஒளியை ஓரிரு படி குறைக்க வேண்டும். பின்னதற்கு ஒரு படி கூட்ட வேண்டும். இவ்விரண்டில் அஞ்சத்தக்கது முன்னதே. முற்றும் வெளுத்துப்போன இடத்தில் பின்னர் எதையும் மீட்க முடியாது.

இரண்டாவது தெளிவு. எஃப் 2.8 என்னும் அகன்ற துளையுடன் பூவை நெருங்கினால், மகரந்தத் தாள்கள் தெளிவாயிருக்க, முன்னிதழ்கள் கலங்கிவிடும். துளையை எஃப் 11 ஆகச் சுருக்கினால் தெளிவின் ஆழம் கூடும். ஆனால் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறையும். 1/60 விநாடியில் முடிந்த வேலைக்கு இப்பொழுது ஏறக்குறைய 1/4 விநாடி வேண்டும். அத்துணை நேரம் கை அசையாதிராது. முக்காலியும், தானே இயங்கும் நேரக்கருவியும் தேவை. ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-லிருந்து 1600-க்கு உயர்த்தி 1/60 விநாடியைத் திரும்பப் பெறலாம். அதற்கு விலையாகப் படத்தில் பொரிபொரியான புள்ளிகள் தோன்றும். காற்றில் தண்டே ஆடினால் முக்காலியாலும் பயனில்லை. ஒரு குச்சியை ஊன்றி மெல்லக் கட்டிவிட வேண்டும்.

மூன்றாவது நிறம். மஞ்சள் விளக்கின் கீழ், பகலொளிக்குரிய அமைப்பில் எடுத்தால் வெண்மலர் மஞ்சளாகும். விளக்கிற்கேற்ப வெண்மைச் சமநிலையை மாற்றிக்கொள்ளலாம். மின்னல் விளக்கை நேரே பாய்ச்சினால் நிழலின்றி மலர் தட்டையாகத் தோன்றும். வெண்சுவரிலோ வெண்துணியிலோ பட்டுப் பக்கவாட்டில் வருமாறு செய்தால் இதழ்களின் வளைவு புலப்படும்.

பிலிம் வழங்கிய காலத்தில், ஒவ்வொரு படத்திற்கும் துளை, நேரம் முதலியவற்றை ஏட்டில் குறித்து வைத்தால்தான் பிழையின் காரணம் விளங்கும். இன்றைய டிஜிட்டல் காமிரா அவற்றைப் படத்துடனேயே பதிந்து தருகிறது. நன்கு அமையாத படங்களை உடனே அழித்துவிடாமல், நல்ல படத்தோடு ஒப்பிட்டு அவ்வெண்களைப் படித்தால், தவறு எங்கே என்பது புலனாகும். ஒரு வேளையில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றுவது இதற்கு இன்றியமையாதது. இரண்டை மாற்றினால் எது பயன் தந்தது என்று கூற இயலாது.

பயிற்சிக்கு அரிய மலரை எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை. தோட்டத்து நந்தியாவட்டையும் வெண்ணிறமே. மொட்டு பருக்கத் தொடங்கியவுடன், அதே இடத்தில், அதே விளக்கின் கீழ், அதனைப் பல முறை எடுத்துப் பாருங்கள். தவறுகளை அந்த எளிய பூவிடமே செய்து முடித்துவிட்டால், மலரும் இரவில் கருவியை மறந்து மலரைக் காணலாம்.