நாணயச் செயலியும் தராசும்

பழைய நாணயத்தைக் கைப்பேசியில் படம் பிடித்த சில நொடிகளில், அது எந்நாட்டது, எவ்வாண்டினது, என்ன விலை பெறும் என்று கூறும் செயலிகள் இன்று வழக்கிற்கு வந்துள்ளன. சேகரிப்புகளைப் பட்டியலிடுவதற்கு இவை பெரிதும் பயன்படும். எனினும் இவற்றின் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிந்து கையாளுதல் அவசியம்.

செயற்கை அறிவு முறை, பெயர் குறிக்கப்பட்ட ஏராளமான நாணயப் படங்களைக் கொண்டு பயிற்றப்படுகிறது. புதிய படத்திலுள்ள உருவத்தையும் எழுத்தையும் எண்களாக மாற்றி, முன்பு கற்றவற்றுள் எதனோடு அது மிக நெருங்கியுள்ளது எனக் கணக்கிடுகிறது. ஆகவே அது தருவது தீர்ப்பன்று, ஊகமே. சிறு குறிகள் மங்கினால் ஊகம் பிழைபடும். சுதந்திர இந்திய நாணயங்களில் ஆண்டின் அடியிலுள்ள வைர வடிவம் பம்பாய் நாணயச் சாலையையும், நட்சத்திரம் ஐதராபாத்தையும் பொதுவாகக் குறிக்கும்; கல்கத்தா நாணயங்களில் குறி இராது.

படத்தில் தெரியாதது உலோகம். பிரிட்டிஷ் ஆட்சிக்கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 12இல் 11 பங்கு வெள்ளி. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. எடையோ மாறவில்லை. இவ்விரண்டையும் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே வேறுபடுத்தலாம். நாணயத்தை நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால், முன்னதன் எடை ஏறத்தாழ 1.13 கிராமும், பின்னதன் எடை 1.22 கிராமும் குறையும். 0.01 கிராம் வரை காட்டும் தராசு இதற்குப் போதும். அரிதான 1939ஆம் ஆண்டு ரூபாய்க்குப் போலிகள் உண்டாகையால், செயலி கூறும் விலையை நம்புமுன் எடையும் விட்டமும் பார்த்தல் நலம்.

செயலி அறியாத மற்றொன்று நாணயம் கிடைத்த இடம். உழும்போது கிடைத்த நாணயம் எவ்வூரில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு இருந்தது என்பதே வரலாற்றாசிரியருக்கு வேண்டிய செய்தி. தேய்த்துத் துலக்கினால் சான்றும் மதிப்பும் ஒருங்கே கெடும். மேலும், மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி.

ஆகவே பட்டியலில் ஒவ்வொரு நாணயத்திற்கும் வரிசை எண், இருபுறப் படம், எடை, விட்டம், கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை முதலில் எழுதுதல் வேண்டும். செயலியின் விடைக்குத் தனிப் பத்தி ஒன்று போதும். அதனைச் சரிபார்த்தவர் பெயரும் அருகே இருத்தல் வேண்டும். விலை நாளுக்கு நாள் மாறும். இடம் பற்றிய குறிப்பு ஒருமுறை தவறினால் மீண்டும் கிடைப்பதில்லை.