20 நிமிடத்தில் ரங்கூன் சாப்பாடு!

வேப்பந்தட்டை வெங்காயத்துக்கும் ரங்கூன் நகரத்துக்கும் என்ன உறவு?

உண்டு. நெருங்கிய உறவு உண்டு!

பர்மாக்காரர் வீட்டில் அது இல்லாமல் சமையல் நடக்காது. மலாய்க்காரர் அதை "பாவாங் மேரா" என்கிறார். சிவப்பு வெங்காயம் என்று பொருள். தமிழர் அதையே சின்ன வெங்காயம் என்கிறார்கள்.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது வேப்பந்தட்டை. பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர். சுற்றிலும் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மேற்கே பச்சைமலை. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது.

வெங்காயம் விலை ஏறினால் பட்டணத்தில் கூச்சல். விலை விழுந்தால் பட்டறையில் கிடந்து அழுகுகிறது. இந்த வெங்காயத்தை வைத்து வேலைக்குப் போகும் பெண்ணின் அடுப்பு நேரத்தைக் குறைக்க முடியுமா? முடியும். கடல் கடந்து போன தமிழர்கள் அந்த வழியை எப்போதோ கண்டுபிடித்து விட்டார்கள்.

அடுப்பா, காடா?

வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெண்ணுக்குக் காலை 5 மணிக்கே பொழுது விடிகிறது. சோறு, குழம்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பிறகு களை வெட்டு அல்லது வெங்காயம் பிடுங்கும் வேலை. மாலையில் இடுப்பு ஒடிந்து வீடு திரும்பினால், "அம்மா, பசிக்குது!" என்று பிள்ளை நிற்கிறது.

அந்த நேரத்தில் கைக்கு வருவது எது? கடையில் தொங்கும் நூடுல்ஸ் பாக்கெட்!

அவளைக் குறை சொல்லுவது நியாயம் அல்ல. நாள் முழுவதும் வெயிலில் நின்றவள் அம்மியில் மசாலா அரைத்துக் கொண்டிருக்க முடியாது. (அந்தக் குறையைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்தான்.) ஆனால் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்த நூடுல்சை ஜப்பானில் 1958-ம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டு வந்தவர் மொமொபுக்கு ஆண்டோ. வெந்த மாவு இழையை அவர் கொதிக்கும் எண்ணெயில் போட்டார். ஈரம் ஆவியாகப் போய்விட்டது. இழை முழுவதும் நுண்ணிய துளைகள் விழுந்தன. வெந்நீர் பட்டதும் அந்தத் துளைகளில் நீர் ஏறி இழை உடனே மெதுவாகி விடுகிறது. சூட்சுமம் அவ்வளவுதான்.

ஆக, பாக்கெட்டில் இருப்பது மாவு, எண்ணெய், உப்பு. பருப்பு இல்லை. கீரை இல்லை. முட்டை இல்லை. வயிறு நிறையும். வளரும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

ரங்கூனிலிருந்து வந்தது

ஒரு காலத்தில் ரங்கூன் பாதி இந்திய நகரமாக இருந்தது. 1931-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, அந்நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். வட்டிக்கடை வைத்தவர்கள் ஒருபுறம். மூட்டை தூக்கியவர்கள், வயலில் உழைத்தவர்கள் மறுபுறம்.

1942-ல் ஜப்பானியர் படை எடுத்தபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியே கால்நடையாக இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பலர். தப்பிப் பிழைத்து, யுத்தம் முடிந்து மறுபடியும் போய் வாழ்ந்தவர்களுக்கு அடுத்த இடி 1962-ல் விழுந்தது. ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963, 1964-ம் ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. பிழைப்புப் போயிற்று. தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கினார்கள்.

கொண்டுவர முடிந்த சாமான் கொஞ்சம். ஆனால் நாக்கில் ஒட்டிய ருசியைப் பறிமுதல் செய்ய எந்தச் சர்க்காராலும் முடியாதே!

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே 1969-ல் பர்மா பஜார் எழுந்தது. அதன் பின்பக்கத் தெருவில் "அத்தோ" கடைகள் முளைத்தன. தடித்த நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையால் பிசைந்து தட்டில் வைப்பார்கள். பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். இன்றும் மாலையில் அந்தத் தெருவில் கூட்டம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அத்தோவுக்குத் தனியாகக் குழம்பு வேண்டாம். வதக்கல் இல்லை. அரைப்பு இல்லை. எல்லாம் முன்பே தயார். பிசைவது 2 நிமிடம்!

ஒரு பாட்டில் போதும்

இத்தனைக்கும் சூத்திரதாரி பொரித்த சின்ன வெங்காயம். பர்மா, தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா எங்கே போனாலும் சாப்பாட்டின் தலையில் அதைத் தூவுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்துக்குக் கவலை இல்லை.

அரைக் கிலோ சின்ன வெங்காயத்தை உரிக்க வேண்டும். உரிக்கும் வேலையை வீட்டு ஆண்களுக்குக் கொடுக்கலாம். கண்ணீர் அவர்களுக்கும் வரட்டும்! வெங்காயத்தை ஒரே கனத்தில் மெல்லியதாக நறுக்கித் துணியில் கால் மணி நேரம் உலர்த்த வேண்டும். கனம் மாறினால் ஒன்று கருகும், மற்றொன்று வேகாது.

சீனச்சட்டியில் இரண்டு டம்ளர் எண்ணெய் ஊற்றி, மிதமான சூட்டில் வெங்காயத்தைப் போட்டு விடாமல் கிளற வேண்டும். பொன்னிறம் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் உள்சூட்டில் நிறம் ஏறும். நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கசந்துவிடும். தாளில் பரப்பி, முழுவதும் ஆறியபின் ஈரமில்லாத பாட்டிலில் அடைத்து இறுக மூட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்து நமத்துப் போகும்.

மிஞ்சிய எண்ணெயைக் கொட்ட வேண்டாம். அதில் வெங்காய மணம் இறங்கியிருக்கிறது. அதுதான் அடுத்த சமையலுக்குத் தாளிப்பு.

வீட்டு அத்தோ

பர்மா நூடுல்சுக்கு அலைய வேண்டியதில்லை. காலையில் பிழிந்த இடியாப்பமோ, கடையில் விற்கும் உலர்ந்த அரிசிச் சேவையோ போதும். நான்கு பேருக்கு நான்கு கிண்ணம் சேவை. பொடியாக நறுக்கிய கோஸ் ஒரு கிண்ணம், கெட்டிப் புளித்தண்ணீர் 4 கரண்டி, வெங்காய எண்ணெய் 3 கரண்டி, பொரித்த வெங்காயம் ஒரு பிடி, மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி.

இதனுடன் பொட்டுக்கடலை மாவு 3 கரண்டி சேர்க்க வேண்டும். பர்மாக்காரர் வறுத்த கடலை மாவைத் தூவுவது ருசிக்கு மட்டும் அல்ல. சாப்பாட்டில் பருப்புச் சத்து சேருவது அதனால்தான். இரண்டு தட்டையை நொறுக்கிப் போட்டால் பிள்ளைகள் தட்டை வழித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு வேகவைத்த முட்டை வைத்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

சிங்கப்பூர் மீ

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் அநேகர். விடுமுறையில் வரும் பிள்ளை, "அங்கே மீ கோரெங் சாப்பிட்டேன்" என்று சொல்லும்போது, தாய்க்கு அது ஏதோ எட்டாத பண்டம் என்று தோன்றும்.

அது தமிழன் கை பட்ட பண்டம்தான்! "மீ" சீனரின் சொல். "கோரெங்" என்றால் மலாயில் பொரித்தல், வறுத்தல். சீனரின் மஞ்சள் நூடுல்சில் மிளகாய் விழுதும் தக்காளிச் சாறும் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துப் புரட்டி, அதைத் தெருவில் விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் செய்தது. ஆனால் தமிழ்நாட்டில் அப்படி ஒரு பலகாரம் இருந்ததே இல்லை! சிங்கப்பூரின் இந்த உணவங்காடிப் பழக்கத்தை 2020-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அதே பாக்கெட் நூடுல்சை இப்படிச் செய்யலாம். நூடுல்சை மட்டும் வேகவைத்து வடிக்க வேண்டும். வெங்காய எண்ணெயில் 2 தக்காளி, ஒரு கரண்டி மிளகாய் விழுது, வெந்த உருளைக்கிழங்கு ஒன்று, முளைகட்டிய பயறு ஒரு பிடி. அதன்மேல் 2 முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, நூடுல்சைப் போட்டுப் புரட்ட வேண்டும். இறக்கியதும் எலுமிச்சை பிழிய வேண்டும். மசாலாப் பொட்டலத்தில் பாதி போதும்.

சோயா சாஸ் ஊற்றும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. கை நிதானம் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சாசில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாஸ் ஊற்றினால் உப்புப் போட வேண்டாம்.

மிஞ்சிய சோறு

"பிரைடு ரைஸ்" கேட்காத பிள்ளை இல்லை. வெந்த சோறு, வெங்காய எண்ணெய், முட்டை, கேரட், கோஸ், கடைசியில் பொரித்த வெங்காயம், மிளகு. 10 நிமிட வேலை.

ஆனால் சோற்றில் ஓர் ஆபத்து உண்டு. கொதிக்க வைத்தாலும் சாகாத கிருமி வித்து அரிசியில் இருக்கிறது. சூடான சோறு வெளியே வெகுநேரம் கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. மறுபடி வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி வரும். எனவே காலையில் வடித்த சோற்றை மாலையில் வறுப்பதானால், தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பெட்டி இல்லாத வீட்டில் மாலையில் புதிதாக ஒரு ஆழாக்கு வடித்துக்கொள்ளலாம். விசிறிக் காற்றில் 10 நிமிடம் பரப்பி வைத்தால் சோறு உதிரியாகிவிடும். வறுப்பதற்கு அது போதும்.