தூக்குவது சுலபம், இறக்குவதுதான் தொழில்

1987 ஜூன் 4 அன்று மாலை, இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் பெங்களூரிலிருந்து கிளம்பிப் போய் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. மிராஜ் 2000 போர் விமானங்கள் காவலுக்குக் கூடவே பறந்தன. அதற்கு முந்தின நாள் படகுகளில் அனுப்பிய நிவாரணத்தை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. ‘பூமாலை’ என்று பெயர் சூட்டிய அந்த நடவடிக்கையில் போட்டது சுமார் 25 டன். வட சிலாங்கூரின் புக்கிட் ரோத்தான் சாலையோரம் சற்று நேரம் நின்றால், செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரிகளைப் பார்க்கலாம். அந்த 25 டன்னுக்கு அவற்றில் மூன்று போதும். லட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த தீபகற்பத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆனால் இரண்டு மாதம் முடியவில்லை, ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஜூன் 4 அன்று வானத்திலிருந்து இறங்கியதில் அரிசி கொஞ்சம், அரசியல் அதிகம்.

சரக்கு விமானம் என்றதும் எல்லாரும் கேட்பது, ‘எத்தனை டன் தூக்கும்?’ என்றுதான். தூக்கியது யார் கையில், எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தத் தொழிலின் எண்பதாண்டு வரலாற்றைப் புரட்டினால் சிக்கல் எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. அதற்கான பாடம் நம் வட சிலாங்கூர் வட்டாரத்தை ஒட்டியே நிறையக் கிடக்கிறது. சுபாங் விமானத் தளத்தின் ஓடுபாதை வடமேற்கு தென்கிழக்காகக் கிடக்கிறது. அதனால் ஆகாயப்படையின் சாம்பல் நிற நாலு எஞ்சின் விமானங்கள் நம் பக்கம் தாழப் பறந்து போகும்போது அண்ணாந்து பார்க்காத தோட்டப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

காட்டுக்குள் அரிசி, தோட்டத்தில் ரேஷன்

1948 ஜூன் மாதம் உலகில் இரண்டு முற்றுகைகள் தொடங்கின. சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. அடுத்த சில நாட்களில், பெர்லின் நகரின் மேற்குப் பகுதிக்குப் போகும் சாலையையும் ரயிலையும் சோவியத் ஒன்றியம் அடைத்தது. பெர்லினில் நடந்ததைப் புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள். சுமார் பதினைந்து மாதத்தில் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை பறந்து, 23 லட்சம் டன் நிலக்கரியும் மாவும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே வென்றது விமானத்தின் பலம் என்பதைவிடத் தரையின் ஒழுங்கு என்பேன். ஒரு தடவை இறங்கத் தவறிய விமானி இன்னொரு சுற்று சுற்றக் கூடாது, சரக்கோடு திரும்பிவிட வேண்டும். இறங்கியவர்கள் விமானத்தை விட்டு நகரக் கூடாது; காப்பியும் பலகாரமும் வண்டியில் அவர்களைத் தேடி வரும். அதற்குள் சரக்கு இறங்கிவிடும்.

மலாயாவில் அந்த வசதி கிடையாது. இங்கே இறங்க ஓடுபாதையே இல்லை. நூற்றைம்பது, இருநூறு அடி உயர மரங்களுக்கு அடியில் நடந்துகொண்டிருந்த ராணுவ அணிக்கு, வெட்டித் திருத்திய சிறு துண்டு நிலத்தில் அரிசியும் ரொட்டியும் தோட்டாவும் விழ வேண்டும். கோலாலம்பூரில் மூட்டை கட்டி, டக்கோட்டாவிலும் பிறகு வலெட்டாவிலும் ஏற்றி, மலைச் சந்துக்குள் தாழப் பறந்து, கதவோரம் நின்று ஆட்கள் கையாலும் காலாலும் தள்ளினார்கள். ஒரே வட்டத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. இரண்டு மூன்று மூட்டை விழுவதற்குள் அந்தத் துண்டு நிலம் பின்னால் போய்விடும். மறுபடி சுற்றி வர வேண்டும், மேகம் மூடுவதற்குள். விமானங்கள் பல திரும்பவில்லை. 1950 ஆகஸ்ட்டில் கிளந்தான் காட்டில் விழுந்த ஒரு டக்கோட்டாவில் போனவர்களின் எச்சங்கள் 2012-இல்தான் கோலாலம்பூர் சேராஸ் கல்லறையில் அடக்கமாயின.

இதே காலத்தில் தோட்டங்களில் நடந்தது வேறு. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டுப் பணிய வைப்பது அரசின் திட்டம். லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. அரிசியைத் தலைக்கு இத்தனை என்று அளந்து கொடுத்தார்கள். பல இடங்களில் தகர டப்பா உணவைக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். உடனே தின்றுவிடாவிட்டால் கெட்டுப்போகும், காட்டுக்குள் போகாது என்பது கணக்கு. பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டி வரை வேலிக் கதவில் திறந்து பார்த்தார்கள். மேலே விமானம் அரிசி கொண்டு போகிறது, கீழே ஒரு பிடிச் சோற்றுக்குச் சோதனை. அந்தப் போரில் சரக்கு விமானமும் ரேஷன் அட்டையும் ஒரே ஆயுதத்தின் இரண்டு முனைகள். முதலாவதைப் பற்றி எழுதியவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

விமானம் குரலையும் சுமந்தது. சரணடையச் சொல்லி சீனம், மலாய், தமிழ் மொழிகளில் துண்டறிக்கைகள் விழுந்தன. ஒலிபெருக்கி கட்டிய விமானங்களும் காட்டின் மேல் வட்டமடித்தன. இதில் ஒரு வேடிக்கை. புதிய வலெட்டாவின் எஞ்சின் இரைச்சல் பேச்சையே விழுங்கிவிட்டது. பழைய டக்கோட்டாவே அந்த வேலைக்குத் தேவலை என்று திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஆளையும் இப்படித்தான் போட்டார்கள். 1958 பிப்ரவரியில், சபாக் பெர்ணத்துக்கு வடக்கே, அன்றைய தெலுக் ஆன்சன் சதுப்புக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஆ ஹோயின் கும்பலைப் பிடிக்க, பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். வீரர்கள் 37 பேர் வானத்திலிருந்து குதித்தார்கள். வெட்டவெளி இல்லாததால் பாராசூட்டை வேண்டுமென்றே மரக் கொம்பில் சிக்க வைத்து, கயிற்றில் கீழே இறங்குவது அவர்கள் கண்டுபிடித்த முறை. ஒருவருக்குக் கொம்பு பிடிக்கவில்லை. முதுகெலும்பு முறிந்த அவரை ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். மற்றவர்கள் வாரக்கணக்கில் இடுப்பளவு சேற்றில் தேடினார்கள். கடைசியில் ஆ ஹோய் சரணடைந்தார்.

கதவின் கதை

சரக்கு விமானம் வளர்ந்த விதத்தை எஞ்சினை வைத்துச் சொல்வார்கள். கதவை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். டக்கோட்டா பயணிகள் விமானமாகப் பிறந்தது. வால் தரையில் உட்கார்ந்திருக்கும், உள்ளே தரை சரிவு, கதவு பக்கவாட்டில். ஒரு ஜீப்பை உள்ளே ஏற்ற வேண்டுமென்றால் பலகை போட்டு, மேட்டில் தள்ளி, வளைத்துத் திருப்ப வேண்டும். 1954-இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க ஹெர்குலிஸ் இதைத் தலைகீழாக மாற்றியது. சக்கரம் உடம்போடு ஒட்டித் தாழ்ந்தது. தரை லாரிப் பலகையின் உயரத்துக்கு வந்தது. வால் பக்கம் முழுவதும் சாய்தளமாகத் திறந்தது. வண்டி தானாக ஏறும், தானாக இறங்கும். பறக்கும்போதே திறந்தால் மூட்டை வரிசையாகச் சறுக்கி வெளியேறும். உதைத்துத் தள்ள ஆள் வேண்டாம்.

மலேசிய ஆகாயப்படையும் இந்த வழியில்தான் வளர்ந்தது. 1958-இல் அது பெற்ற முதல் விமானமே போர் விமானம் இல்லை, ட்வின் பயனியர் என்ற குட்டைப் பாதை விமானம். பிரதமர் துங்கு அதற்கு ‘லாங் ராஜாவாலி’ என்று பெயர் வைத்தார். காட்டுக் கோட்டைகளின் சிறு ஓடுபாதைகளில் இறங்கத் தெரிந்த விமானத்தை முதலில் வாங்கியதை இன்றும் நான் புத்திசாலித்தனம் என்பேன். பிறகு ஹெரால்டு, கரிபூ, 1976 முதல் ஹெர்குலிஸ். 2005-இல் ஏர்பஸ் ஏ400எம் நான்குக்கு ஒப்பந்தம். முதலாவது 2015 மார்ச்சில் வந்தது. ஐரோப்பியக் கூட்டு நாடுகளுக்கு வெளியே இதைப் பெற்ற முதல் நாடு மலேசியா. 37 டன் வரை ஏற்றும், தார் போடாத மண் பாதையிலும் இறங்கும். ஹெர்குலிஸ் ஏற்றுவது ஏறக்குறைய இதில் பாதி. மலேசியக் கம்பெனிகளுக்கும் இந்தத் திட்டத்தில் பங்கு இருந்தது. மலாக்காவின் பத்து பெரண்டாம் ஆலையில் விமானப் பாகங்கள் செய்கிறார்கள். முதல் விமானம் நமக்கு வந்த இரண்டாம் மாதம், ஸ்பெயினின் செவில் நகரில் வேறொரு நாட்டுக்கான ஏ400எம் சோதனைப் பறப்பில் விழுந்து நால்வர் இறந்தார்கள். எஞ்சின்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் சேர்க்க வேண்டிய தரவு சேர்க்கப்படாமல் போனதே கோளாறு.

விமானம் எத்தனை நவீனமானாலும் முடிவு தரையில் என்பதற்குச் சுபாங்கை விட நல்ல சாட்சி இல்லை. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த பிளையிங் டைகர் 747 சரக்கு விமானம், இறங்குவதற்குச் சற்று முன் பூச்சோங் பக்கத்துக் குன்றில் மோதி, இருந்த நால்வரும் மாண்டார்கள். 2,400 அடிக்கு இறங்கச் சொன்னது, 400 அடிக்கு என்று அவர்கள் காதில் விழுந்தது. தரை நெருங்குகிறது என்று கருவி திரும்பத் திரும்ப எச்சரித்ததையும் பொருட்படுத்தவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சே நிவாரணத்துக்கு ஐ.நா. அமைப்புகள் சுபாங்கை இடைத்தங்கலாகப் பயன்படுத்தின. பின்னாளில் ஐ.நா.வின் அவசர நிவாரணக் கிடங்கு ஒன்றும் இங்கே அமைந்தது. கூடாரம், போர்வை, மருந்து எல்லாம் தயார். ஆனால் 2005 ஜனவரி 4 அன்று பண்டா ஆச்சே ஓடுபாதையில் இறங்கிய ஒரு 737 நிவாரண விமானம் எருமையில் மோதி அங்கேயே படுத்துவிட்டது. இருந்ததோ ஒரே பாதை. அதை நகர்த்தும் வரை பெரிய விமானம் எதுவும் இறங்க வழியில்லை. உலகமே அனுப்பிய சரக்கை அன்று நிறுத்தி வைத்தது வேலியில்லாத ஒரு விமான நிலையம்.

2021 டிசம்பர் 18 அன்று பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மக்கள் கூரை மேலும் மாடியிலும் காத்துக் கிடந்தார்கள். ஆகாயப்படையின் மிகப் பெரிய சரக்கு விமானங்கள் நிற்கும் சுபாங் தளம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அந்த விமானங்கள் அங்கே எதற்கும் உதவாது; அது அவற்றின் குற்றமும் இல்லை. தேவைப்பட்டது படகு. போதுமான படகு உரிய நேரத்தில் வராததால், தங்கள் சொந்தப் படகை இழுத்துக்கொண்டு வந்த பொதுமக்கள்தான் பலரைக் கரை சேர்த்தார்கள்.

சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய தோட்டங்களும் கம்பங்களும் தாழ்வான இடங்கள். ஆண்டு முடிவில் மழை வரும்போது பேரிடர்க் குழுக் கூட்டம் நடக்கும். அதற்குப் போகிறவர்கள், உதவிப் பொருள் எத்தனை டன் வருகிறது என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். நம் தோட்ட மண்டபத்தில் எத்தனை படகு இருக்கிறது, அதன் மோட்டார் ஓடுகிறதா, ஓட்டத் தெரிந்தவர் யார் என்று பெயரோடு கேட்டு எழுதி வாங்குங்கள்.